எண்பத்தைந்துக்குக் கீழே

"...கூட்டிப் போட்டா ஒங்களுக்கு என்னா கொறஞ்சிரப் போவுது மிஸ்? ரெண்டே ரெண்டு கிலோ. தம்பிக்கு ரெண்டு கிலோ கூட்டி எழுதிக்கிடுங்க" என்று அக்கா தாதியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதுளையில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எடை பார்க்கிற மூலை அது. நான் போனையும் சாவிக்கொத்தையும் மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தில் ஏறத் தயாராக நின்றேன். தாதி சிங்களப் பெண். தமிழ் ஓரளவு பேசுவார். பேனாவை மூடிவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, எல்லாரும் கொறைக்கச் சொல்றது. நீங்க மட்டும் கூட்டச் சொல்றது" என்று சிரித்தார். தம்பி மெலிந்திருப்பதைப் பார்த்து ஊர் ஏதாவது பேசும் என்று அக்கா வெட்கப்படுவதாக அவர் நினைத்திருக்க வேண்டும். உண்மை அவ்வளவு இலேசானதாக இருந்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன்.

இத்தாலியில் வெரோனா நகரத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். அங்கே எடை பார்ப்பது தனியாள் வேலை. பார்மச்சியா என்கிற மருந்துக்கடையின் மூலையில் ஒரு இயந்திரம் நிற்கும். காசைப் போட்டு ஏறினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இலங்கைக்கு, ஊருக்கு வந்தால் என் எடை ஊர்ச்சொத்து. ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் இறங்கியதும், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த முஸ்லிம் கடைக்காரர் நானா தராசை விட்டு வெளியே வந்து, "என்னா தம்பி, அங்கிட்டு சோறு போட மாட்டேங்கிறாங்களா?" என்றார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஆட்டோக்காரர் எனக்கு என்ன வியாதி என்று கேட்கவில்லை. ஆனால் வழியெல்லாம் அவருக்குத் தெரிந்த ஒரு நல்ல வைத்தியரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். என்னைப் போல வெளியே போய்த் திரும்புகிறவர்களுக்கு இது புதிதில்லை. போனவன் பெருத்து வரவேண்டும். மெலிந்து வந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

நடந்தது இதுதான். அக்காவின் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. பிரஷரும் சீனி வியாதியும் சேர்ந்து செய்த வேலை. வாரத்தில் இரண்டு நாள் பதுளைக்கு வந்து இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறாள். அவளுடைய ஒரே மகளுக்கு இரத்தம் சேரவில்லை, எனக்குச் சேர்ந்தது. போன தடவை லீவில் வந்தபோது டாக்டர் என் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கொடுக்கலாம், ஆனால் நூற்றைந்து கிலோவோடு உங்களை மேசையில் ஏற்ற முடியாது என்றார். எண்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, வந்த இடத்தில் நிற்கவும் வேண்டும். முதல் தடவை நிறுத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி நிறுத்து, இரண்டு தடவையும் சரியாக இருந்தால்தான் பைல் ஆப்பரேஷன் நடக்கிற கண்டிக்குப் போகும். கொறைக்கிறது சுகம், அங்கேயே நிக்கிறதுதான் பாடு என்று அவர் நல்ல தமிழில் சொன்னார். அன்றைக்கு அந்த வார்த்தையின் பாரம் எனக்கு விளங்கவில்லை.

அக்காவுக்குக் கிலோ என்றால் கூட வேண்டிய ஒன்று. அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அடுத்த மாதமே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக் கிலோவைச் சொல்லுவார். சாக்குக்கு இவ்வளவு, மழை நாளென்றால் இலையில் இருக்கிற தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார். சொன்ன அளவு கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது ஒரு நாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். அந்தக் கடைசி இரண்டு கிலோவுக்காக அவள் கெஞ்சுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். "ரெண்டு கிலோ கூட்டிப் போடுங்கய்யா, நாளைக்கு கூட எடுத்தாறேன்." இப்போது வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் அவளையே நிறுக்கிறார்கள். ஊசி ஏற்றுமுன் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை. உடம்பில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கும் அவள் ஒன்று சொல்லி வைத்திருக்கிறாள். "அப்ப கொழுந்துல தண்ணின்னு கழிச்சாங்க. இப்ப ஒடம்புல தண்ணின்னு கழிக்கிறாங்க. கழிக்கிறது மட்டும் நிக்கவே இல்ல பாத்தியா." சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

நான் எப்படிப் பெருத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெரோனாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டு கழுவுகிறவனாகத்தான் ஆரம்பித்தேன். தட்டுகள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வரும். வெள்ளை வெளேரென்று பாஸ்தா, மஞ்சள் களி மாதிரி பொலெந்தா, கை படாத இறைச்சித் துண்டு. எல்லாவற்றையும் வழித்துக் குப்பையில் போடுவதுதான் வேலை. முதல் வாரம் என் கை வரவில்லை. தேத்தண்ணியில் ரொட்டியைத் தொட்டுத் தின்று பள்ளிக்கூடம் போனவன் கை அது. யாரும் பார்க்காத நேரம் தட்டில் இருந்தது வாய்க்குப் போனது. பிறகு யாரும் பார்த்தாலும் போனது. சமையலுக்கு ஏறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முதல் மூன்று வருடத்தில் அனுப்பிய படங்களை அக்கா தோட்டத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு லயமாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். 'தம்பி கன்னத்தப் பாருங்க' என்பாளாம். என் கன்னம்தான் அவளுக்கு நான் அனுப்பிய நல்ல சேதி. அந்தக் கன்னத்துக்குக் கீழே படி ஏற முடியாத ஒருவன் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது படத்தில் தெரியாது.

குறைக்கத் தொடங்கியபோது முதலில் குழம்பியது கடை முதலாளியின் மனைவி சிஞ்ஞோராதான். நான் தட்டைத் தள்ளி வைத்தால் 'மாஞ்ஞா, மாஞ்ஞா' என்று திரும்ப நகர்த்துவார். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தம். ரமழான் நோன்பா என்று கேட்டார், நான் இந்து என்றேன். காதலா என்றும் கேட்டார். விளக்கமாகச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. இழக்க வேண்டும் என்பதற்கு அந்த நேரம் வார்த்தை வரவில்லை. 'வெந்தி கீலி, பேர் மியா சொரெல்லா' என்றேன். இருபது கிலோ, என் அக்காவுக்காக. அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். பாஸ்தா, மா, பிஸ்கட், தக்காளி டின். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், சொல்லி வைத்த மாதிரி இருபது கிலோ. வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. கார்கோவில் அக்காவுக்கே அனுப்பினேன். அங்கேதான் நான் பெரிய பிழை விட்டேன். பெட்டி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த மாதம்தான் என் முகம் போன் திரையில் ஒடுங்கத் தொடங்கியது. அக்கா இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். தம்பி தின்னாமல் தன் சாப்பாட்டைப் பெட்டி கட்டி அனுப்புகிறான் என்று முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் என்ன விளக்கம் சொன்னாலும், ஆமாடா, ஆமாடா என்று கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

குறைந்த கதையை வீரக்கதையாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. முதல் நான்கைந்து கிலோ பயத்தில் போனது. அடுத்த பத்து அக்காவின் முகத்தை நினைத்துப் போனது. சமையலறைச் சுவரில் அவள் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். பிறகு பனிக்காலத்தில் ஒருநாள் போனில் அவள், "எனக்கு ஒன்னுது வேணாம்டா. நான் கூடையத் தூக்கி ஒன்ன வளத்தது ஒன்ன வெட்டி எடுக்கவா?" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்கு ஒரு தட்டம் நிறைய, சீஸ் வழிகிற லசாஞ்ஞாவை நின்றபடியே தின்றேன். யாருக்காகப் பட்டினி கிடந்தேனோ அவளே வேண்டாமென்றால் பிறகு யாருக்காக? இரண்டு வாரத்தில் நான்கு கிலோ திரும்ப ஏறியது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. எடையைக் குறைக்க இன்னொருவர் முகம் போதும். குறைந்த இடத்தில் நிற்க அது போதாது. அந்த முகம் திரும்பிக்கொண்டால் நாமும் விழுந்துவிடுவோம்.

என்னை மறுபடி நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். கடைக்குக் கீழே நிலவறை உண்டு, செங்குத்தான படிகள். பழைய நாளில் தக்காளிப் பெட்டியோடு ஏறும்போது பாதியில் பேச்சை நிறுத்திவிடுவேன். என் கூட வேலை செய்கிற வங்காளதேசத்துக்காரர் மேலே போய் மிச்சக் கதைக்குக் காத்திருப்பார். ஒருநாள் அவருக்கு எங்கள் கொழுந்துத் தராசுக் கதையை அரைகுறை இத்தாலியனில் சொல்லிக்கொண்டு ஏறினேன். மேலே வந்து பெட்டியை இறக்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தேன். மூச்சு மிச்சமிருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எவ்வளவு பேசுகிறவன் என்று தெரியும். பேச்சுதான் எனக்கிருக்கிற ஒரே சொத்து, அதைப் படிக்கட்டுக்குப் படிக்கட்டு இத்தனை வருடம் இழந்திருக்கிறேன். அன்றைக்குச் சுவரிலிருந்த அக்கா படத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். கோபத்தில் இல்லை. அந்தப் பாரத்தை அவள் மேல் வைக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் அது முழு உண்மையா, நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

போன மாதம் வந்தேன். முதல் நிறுவையில் எண்பத்துமூன்றரை. டாக்டர் கை கொடுத்தார். பக்கத்தில் நின்ற அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து லயத்து அறையில் அடுப்பு அணையவில்லை. காலையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும், பத்து மணிக்குச் சீனி போட்ட பால் தேத்தண்ணி, பகலுக்குச் சோற்று மலை. உப்பும் தண்ணியும் அளந்து தின்ன வேண்டியவள், அடுப்பு வெக்கையில் நின்று எனக்கு ஆக்கினாள். நான் வேண்டாமென்றால் அவளும் தட்டைத் தொடமாட்டாள். சுத்தம் செய்துவிட்டு வந்து சோர்ந்து கிடக்கிறவள் பட்டினி கிடப்பதை எத்தனை வேளை பார்ப்பது? தின்றேன். தின்றதை இறக்க விடிந்ததும் ஓடத் தொடங்கினேன்.

அதுவும் பிழையாகிவிட்டது. இரண்டு நாள் விடாமல் மழை பெய்த ஒரு காலை, மேல் லயத்து ரோட்டிலிருந்து கீழே ஓடி வந்தேன். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் கோப்பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். எனக்கு விளங்கவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை போய்த் திரும்பி வந்தபோது, இரண்டு லயத்து ஜனமும் ரோட்டில் நின்றது. பிள்ளைகள் இடுப்பில், அடையாள அட்டைப் பைகள் கையில். எந்தப் பக்கம் சரிந்தது என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மீரியபெத்தையில் மலை சரிந்து மண் லயங்களை மூடிய பிறகு, எங்கள் ஊவா மாகாணத்தில் மழை நாளில் மலையிலிருந்து ஓடி வருகிறவனுக்கு ஒரே அர்த்தம்தான். உடம்பு இளைக்க ஓடினேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? கூட்டத்துக்குள் அக்காவும் மூச்சிரைக்க நின்றாள். அவள் கிளினிக் கொப்பியை எடுக்கவில்லை, மருந்துப் பையை எடுக்கவில்லை. அவள் கையில் இருந்தது என் பாஸ்போர்ட். அதைச் சேலை முந்தானையால் மழை படாமல் மூடிப் பிடித்திருந்தாள். தோட்டத்துத் தலைவர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "நடங்க தம்பி, எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடங்க. ஓட மட்டும் வேணாம்" என்றார்.

அதனால் நடந்தேன். தோட்டத்திலிருந்து ஹாலிஎலைக்கும், அங்கிருந்து திரும்பியும். அப்படியும் இடுப்பில் காற்சட்டை இறுகிக்கொண்டே வந்தது. ஒருநாள் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கிற பாக்கியம் வழியில் சேர்ந்துகொண்டாள். அக்காவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், மனதில் எதையும் வைக்கத் தெரியாது. என் நடையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாள். "எத்தன மைல் நடந்து என்னா செய்ய? ஒங்கக்கா ரொட்டிக்கு மா பெசையிறப்ப மாஜரின் டப்பாவையே கவுக்குது. எண்பத்தஞ்சத் தாண்டட்டும் பாக்கியம், டாக்டரே வேணாம்னுருவாரு, எதுக்கு நான் அவன் மனச நோகடிக்கணும்ங்குது."  ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியமும் உட்கார்ந்தாள். அக்கா இனி எத்தனை மாதம் தாங்குவாள் என்று டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்தேதான் மா பிசைந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பேசுகிறவனுக்கு அந்த ஒரு பேச்சு மட்டும் வரவில்லை. என்ன சொல்வது? என்னைக் கொழுக்க வைத்து நீ சாகப் பார்க்கிறாய் என்றா? கடைசி வாரம் அவள் போட்டதை எல்லாம் தின்றேன், இரண்டு வேளையும் நடந்தேன். பதுளைக்குப் போகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதுவுமே நடக்காத மாதிரி வந்தாள். இரண்டு தடவை என் தோளைத் தொட்டுப் பார்த்தாள், ஆட்டுச் சந்தையில் தொட்டுப் பார்ப்பதைப் போல. எலும்பு தட்டுப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் தாதியிடம் அவள் கெஞ்சியது அதற்குப் பிறகுதான். மாஜரினை நம்பி மாதம் முழுக்க உழைத்தும் போதாதோ என்று பயந்து, அவளுக்குத் தெரிந்த பழைய வழியில் கேட்டுப் பார்த்தாள். தாதி சிரித்துவிட்டு என்னை ஏறச் சொன்னார். ஏறினேன். சிவப்பு எழுத்து ஓடி எண்பத்துநான்கு புள்ளி ஆறில் நின்றது. தாதி என் பைலை எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் எழுத்து மறுபடி நகர்ந்தது. எண்பத்தைந்து. எண்பத்தைந்து புள்ளி எட்டு. எண்பத்தாறரை. நான் மூச்சைப் பிடித்தேன், அப்படியும் ஏறியது. கீழே பார்த்தேன். என் குதிகாலுக்குப் பின்னால், தட்டின் ஓரத்தில், வெடிப்பு விழுந்த ஒரு வெறும் பாதம். அக்கா எனக்குப் பின்னால் நெருங்கி நின்று, ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை என் பக்கமும் வைத்து, விரல்களால் தட்டை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் பேச முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு, தாதிக்குக் கேட்காமல் சொன்னேன். "அக்கா, நீ வாங்கிக்கிட்டாலும் வாங்கிக்காட்டியும் நான் திரும்பக் குண்டாவ மாட்டேன். ஒனக்காக ஆரம்பிச்சது. இப்ப ஒனக்காக இல்ல. நீ போனாலும் நான் இப்பிடித்தான் இருப்பேன்." சொல்லும்போதே அது உண்மையா என்று என் மனம் கேட்டது. பதில் சொல்ல நேரமில்லை. அலுமாரி மூடுகிற சத்தம் கேட்டது. அக்காவின் மூச்சு என் முதுகில் பட்டது.  தாதி பேனாவைத் திறந்துகொண்டு எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

அக்கா காலை எடுத்தாள்.